வியட்நாமை விற்கும் முன் நடந்து பாருங்கள்: புதிய பயண ஆலோசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹனோயிலிருந்து வந்த பயணத் திட்டத்தில் அது ஒரே ஒரு வரி: "ஹாங் மூவா காட்சிமுனை, 1 மணி நேரம்." அதை அப்படியே தட்டச்சு செய்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கும் அவர் கணவருக்கும் கொடுத்திருந்தேன். அவர்கள் கிளம்ப மூன்று மாதம் இருந்தது. அதற்குள் நானே ஒருமுறை வியட்நாம் போக வாய்த்தது. நின் பின்னில் அந்தக் குன்றின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஏறத்தாழ 500 கல் படிகள். ஒரு படி அரை அடி என்றால் அடுத்தது முக்கால் அடி. உச்சியில் கல் டிராகன் படுத்திருக்கும் இடத்தில் படியும் முடிந்து கூரிய பாறைதான் மிச்சம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது அந்த அம்மா சொன்னது காதில் கேட்டது: "தம்பி, எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போ. படி மட்டும் அதிகம் இல்லாமல் பார்த்துக்கொள்." அவர் கேட்டது அது ஒன்றுதான். அதைத்தான் நான் தவறவிட்டிருந்தேன்.

அன்றிரவே திட்டத்தை மாற்றி எழுதினேன். படமும் விலைப்பட்டியலும் காட்டாத ஒன்றை, ஒருவர் போய் நின்று பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். பயண ஆலோசகர் வெளிநாட்டுக்கு வேலைநிமித்தம் போவது அதற்காகத்தான். தொழிலில் இதை "ஃபேம் டிரிப்" என்கிறோம். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் பயணத்தை எப்படித் திட்டமிடலாம், அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு நன்றாகத் தெரிந்த வியட்நாமையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் முறை இதுதான்; ஊர்ப் பெயர்கள்தான் மாறும்.

யாருக்காகப் போகிறீர்கள்?

விமான டிக்கெட்டுக்கு முன்னால் உங்கள் பதிவேட்டைத் திறவுங்கள். இரண்டு வருடங்களில் உங்களிடம் பயணம் போனவர்களில் ஐந்து குடும்பங்களைத் தேர்ந்தெடுங்கள். புதுமணத் தம்பதி, பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடு, அறுபதைத் தாண்டிய பெற்றோர், சுத்த சைவக் குடும்பம், நண்பர்களாகச் சேர்ந்து போகும் பத்துப் பேர் என்று வகைக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர்கள் போன பயணத்தில் எதைக் குறை சொன்னார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் பாராட்டியதை எழுத வேண்டாம், அது பொதுவாக எல்லாருக்கும் பிடித்ததாகத்தான் இருக்கும். குறைதான் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இந்த ஐந்து பக்கங்கள் கையில் இருந்தால் ஊரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஒரு தெருவில் நடக்கும்போது "அழகான தெரு" என்று தோன்றுவதோடு நில்லாமல், "தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு இந்த நடைபாதையில் போக முடியுமா?" என்ற கேள்வியும் கூடவே வரும். ஹனோயின் பழைய நகரத்தில் நடைபாதையெல்லாம் மோட்டார் சைக்கிள்களும் சிறு நாற்காலிகளும்தான்; சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு அது போராட்டம்.

அழைப்பா, சொந்தச் செலவா?

அழைப்பின்பேரில் போகும் பயணங்களை விமான நிறுவனங்கள், சுற்றுலா வாரியங்கள், ஹோட்டல் குழுமங்கள், அந்தந்த நாட்டின் டி.எம்.சி.கள் ஆகியோர் நடத்துகிறார்கள். டி.எம்.சி. என்பது அங்கேயே இருந்து வண்டி, அறை, வழிகாட்டி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துதரும் உள்ளூர் நிறுவனம். டெல்லியில் நடக்கும் சாட்டே, மும்பையில் நடக்கும் ஓ.டி.எம்., பல நகரங்களில் நடக்கும் டி.டி.எஃப். போன்ற வணிகக் கண்காட்சிகளில் இவர்களை நேரில் சந்திக்கலாம். விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு நகராமல், உங்கள் ஊரிலிருந்து எந்த மாதத்தில், எத்தனை பேர், எந்த பட்ஜெட்டில் போகிறார்கள் என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். அழைப்பு வருவது அந்த இரண்டு நிமிடத்தால்தான்.

இலவச அழைப்பு வந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே உங்களுக்குக் காட்டப்படுவது அவர்கள் விற்க நினைப்பது என்பது நினைவிருக்கட்டும். நல்ல ஹோட்டலின் நல்ல அறை, முன்வரிசை இருக்கை, வரிசையில் நிற்காத நுழைவு. உங்கள் வாடிக்கையாளருக்கு இவை கிடைக்காது. ஆகவே அழைப்புப் பயணம் முடிந்ததும் குறைந்தது இரண்டு நாள் சொந்தச் செலவில் தங்கி, சாதாரணப் பயணியாக வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் பாருங்கள்.

புதியவர்களுக்குப் பெரும்பாலும் அழைப்பு வராது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் யாரிடம் வாடிக்கையாளரை அனுப்பப் போகிறீர்களோ அந்த டி.எம்.சி.யிடமே தொழில்முறை விலை கேளுங்கள். ஹோட்டல்களுக்கு அலுவலகக் கடிதத்தாளில் எழுதினால் பல இடங்களில் முகவர் சலுகையில் அறை தருவார்கள். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் 2023இல் தொடங்கிய பிறகு, தென்மாவட்டத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த நாடு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

எந்த மாதம்?

இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். நல்ல பருவம் பார்த்துப் போகாதீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் எப்போது போவார்களோ அப்போது போங்கள். நம்மவர்கள் கிளம்புவது ஏப்ரல்–மே பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல், அரையாண்டு விடுமுறை.

வியட்நாம் வடக்கு தெற்காக நீண்ட நாடு. ஒரே வாரத்தில் மூன்று வானிலை உண்டு. தெற்கே ஹோ சி மின் நகரில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். வடக்கே ஹனோயில் ஜனவரியில் கம்பளிச் சட்டை தேவைப்படும் குளிர், அதையடுத்துத் தூறல். ஜூன், ஜூலையில் வியர்த்துக் கொட்டும் புழுக்கம். நடுவில் டா நாங், ஹோய் ஆன் பகுதிக்கு மழை வருவது செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களுக்குள் ஆற்று வெள்ளம் புகுவது அடிக்கடி நடப்பது. நம் தீபாவளி விடுமுறை சரியாக அங்கேதான் போய் விழுகிறது! விளக்குகள் தொங்கும் ஹோய் ஆன் படத்தைக் காட்டி தீபாவளிக்குப் பயணம் விற்கும் ஆலோசகர், முழங்கால் தண்ணீரில் படகில் ஏறி ஹோட்டலை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வார்? தீபாவளிக்குக் கேட்கிறவர்களுக்கு நான் நடுப்பகுதியைத் தருவதில்லை. வடக்கை மட்டும் கொடுக்கிறேன். அக்டோபர் கடைசியில் ஹனோய் இதமாக இருக்கும்.

அதேபோல் டெட் என்னும் அவர்களது சந்திரப் புத்தாண்டு. ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் வரும். அந்த நாள்களில் கடைகளும் உணவகங்களும் மூடிக்கிடக்கும், ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், விமானக் கட்டணம் ஏறிவிடும். நாள்காட்டியில் முதலில் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

விசாவை நீங்களே போட்டுப் பழகுங்கள்

வியட்நாம் மின்விசாவை 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறைக்கு 50 டாலர். முதல் விசாவை இடைத்தரகரிடம் கொடுக்காமல் நீங்களே விண்ணப்பியுங்கள். அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் பல உண்டு. அவை கூடுதல் பணம் வாங்குகின்றன என்பதால் முகவரியைச் சரிபார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

படிவத்தில் நம்மவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல் பெயர். நம் பாஸ்போர்ட்டுகளில் சிலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும். சிலருக்கு முன்னெழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே விசாவிலும் விமான டிக்கெட்டிலும் போட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல தவித்தன. வியட்நாம் போகிறவர்கள் துபாய் வழியாகப் போவதில்லை என்றாலும், ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டுக் குறித்துவையுங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம்மாறிப் போவதையும், நுழையும் விமான நிலையத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதையும் கவனியுங்கள். அப்புறம் உங்களுக்கும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எட்டு இரவு, நான்கு ஊர்

முதல் பயணத்தில் நாடு முழுக்கப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். ஹனோயில் மூன்று இரவு, அதில் ஒரு நாள் நின் பின். ஹா லாங் விரிகுடாவில் கப்பலில் ஓர் இரவு. டா நாங், ஹோய் ஆன் சேர்த்து இரண்டு இரவு. ஹோ சி மின் நகரில் இரண்டு இரவு. நம்மவர்களுக்கு விற்கப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை இதே வரிசைதான். உள்நாட்டு விமானங்களில் கைப்பை 7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பதில் மலிவுக் கட்டண விமானங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. நுழைவாயிலில் எடை போட்டுப் பணம் கேட்பதை நானே பார்த்தேன். இதுவும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்தி.

இன்னொன்று. இந்தியாவிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் அங்கே அதிகாலையில் இறங்குகின்றன. அவர்கள் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அறை கிடைப்பது பிற்பகல் 2 மணிக்கு. தூக்கமில்லாத கண்களோடு, பெட்டிகளோடு, ஏழு மணி நேரம் என்ன செய்வது? விமானத்திலிருந்து இறங்கியதும் நீங்களே அதை அனுபவித்துப் பாருங்கள். எந்த ஹோட்டலில் பெட்டி வைத்துவிட்டுக் குளிக்க இடம் தருகிறார்கள், சீக்கிரம் அறை வேண்டும் என்றால் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். முதல் நாள் காலை கெட்டுப்போனால் மொத்தப் பயணமும் கசந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஹோட்டலைப் பார்ப்பது எப்படி?

ஒரு நாளில் நான்கு ஹோட்டலுக்கு மேல் பார்க்காதீர்கள். ஐந்தாவதில் நுழையும்போது முதலாவது மறந்துபோயிருக்கும். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, காலை 11 மணிக்குப் பிறகு நேரம் கேளுங்கள். அப்போதுதான் காலியான அறைகள் இருக்கும். விற்பனை மேலாளர் மேல்மாடியில் இருக்கும் பெரிய அறையைத்தான் முதலில் திறந்து காட்டுவார். பார்த்து நன்றி சொல்லுங்கள். பிறகு, "நான் தரும் விலைக்கு எந்த அறை கிடைக்குமோ அதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

ஹனோயின் பழைய நகரத்து வீடுகள் முன்பக்கம் குறுகி, உள்ளே நீண்டு போகும் குழாய் வீடுகள். அப்படிப்பட்ட கட்டடத்தில் ஹோட்டல் நடத்தும்போது நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னல் இருக்காது. நான் பார்த்த ஓர் அறையில் கட்டிலுக்குப் பின்னால் அழகான திரைச்சீலை தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். வெறும் சுவர். விலைப்பட்டியலில் அந்த அறைக்கு "டீலக்ஸ்" என்று பெயர். அன்றிலிருந்து எந்த ஹோட்டலிலும் திரைச்சீலையை விலக்காமல் நான் வெளியே வருவதில்லை.

இன்னும் பார்க்க வேண்டியவை: இரண்டு தனிக் கட்டில் உள்ள அறைகள் எத்தனை, அம்மா அப்பாவோடு வருகிறவர்களுக்கு ஒட்டிய அறைகள் உண்டா, மூன்றாவது ஆளுக்குப் போடும் கூடுதல் கட்டில் மெத்தையா மடக்குக் கட்டிலா. லிஃப்டில் பெட்டியோடு எத்தனை பேர் நிற்க முடியும் என்று ஏறி நின்று பாருங்கள். குளியலறையில் தரை வழுக்குகிறதா, குளியல் தொட்டியின் விளிம்பைக் காலைத் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கழிப்பறையில் கைத்தெளிப்பான் வியட்நாமில் பரவலாக உண்டு, நம்மவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் பார்த்து உறுதிசெய்யுங்கள். பெரிய பஸ் ஹோட்டல் வாசல் வரை வருமா என்பது முக்கியமான கேள்வி. பழைய நகரத்துச் சந்துகளுக்குள் 45 இருக்கை பஸ் நுழையாது. ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றிய தெருக்கள் வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை வண்டிகளுக்கு மூடப்படும். முப்பது பேர் கொண்ட குழுவை வெள்ளி இரவு அங்கே இறக்கினால் அரை கிலோமீட்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிவரும்.

கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்

இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள். கதவு திறந்ததிலிருந்து கதவு திறக்கும் வரை ஆகும் நேரத்தை எழுதுங்கள். ஹா லாங் கப்பல் "2 நாள், 1 இரவு" என்று விற்கப்படுகிறது. உண்மையில் நண்பகலில் ஏறி, மறுநாள் காலை 11 மணிக்குள் இறங்கிவிடுகிறீர்கள். கப்பலில் இருப்பது ஒரு நாளுக்கும் குறைவு. அது போதுமானது, அழகானது. ஆனால் இரண்டு நாள் என்று எதிர்பார்த்து வருகிறவருக்கு ஏமாற்றம். ஹனோயிலிருந்து துறைமுகத்துக்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்.

கப்பலில் ஏறியதும் முதல் வேலை, உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, குழந்தை அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது. 2025 ஜூலையில் ஹா லாங்கில் திடீர்ப் புயலில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்றுத் திட்டம் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பயணம் விற்கிறவர்களுக்கு இது கட்டாயம். "பயணம் ரத்தாகலாம்" என்று முன்பே சொன்னதால் எந்த வாடிக்கையாளரையும் நான் இழந்ததில்லை.

நின் பின்னில் சாங் ஆன் படகுப் பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஒரு படகில் நான்கு பேர். துடுப்புப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குகைக்குள் நுழைந்ததும் மேலே பாறை தாழ்ந்து வரும்; துடுப்புப் போடும் அம்மா கையைக் காட்டுவார், எல்லாரும் முழங்காலை ஒட்டித் தலையைக் குனிய வேண்டும். சில்லென்ற நீர்த்துளி கழுத்தில் விழும். இருட்டில் துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும். வெளியே வந்ததும் பச்சை நீரும் வெயிலும் கண்ணைக் கூசும். மனசு நிறையும் இடம் அது. ஆனால் முதுகுவலி உள்ளவருக்கு மூன்று மணி நேரம் தாழ்வான பலகையில் உட்கார்வது கடினம். நடுவில் கோயில்களில் இறங்கும்போதுதான் காலை நீட்டலாம். குகைகள் எத்தனை, இறங்கும் இடங்கள் எத்தனை என்பது வழித்தடத்துக்கு வழித்தடம் மாறும். எந்தத் தடம் எந்தக் குடும்பத்துக்கு என்று அங்கேயே முடிவுசெய்து குறியுங்கள். தலைமையாசிரியை அம்மாவுக்கு ஹாங் மூவாவை எடுத்துவிட்டு இதைத்தான் போட்டேன்.

சிறு செய்திகளையும் விடாதீர்கள். ஹனோயில் உள்ள ஹோ சி மின் நினைவிடம் திங்கள், வெள்ளி மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலையில் மட்டும். டா நாங்கின் டிராகன் பாலம் நெருப்பு கக்குவது வார இறுதி இரவு 9 மணிக்கு. செவ்வாய்க்கிழமை டா நாங்கில் தங்கும் குழுவுக்கு அதைத் திட்டத்தில் எழுதிக் கொடுப்பது பொய்.

சாப்பாடு

சைவம் என்பதற்கு அவர்கள் சொல் "சாய்". லத்தீன் எழுத்தில் நான்கு எழுத்துகள். கடைப் பலகையில் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்கிறார்கள். ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும்தான். அந்த நாள்களில் சைவக் கடைகளில் கூட்டம் அலைமோதும், புதுப்புது உணவுகள் கிடைக்கும். இதைச் சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த நாட்டின்மேல் ஒரு சொந்தம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. சாதாரணக் கடையில் "காய்கறி மட்டும்" என்று கேட்டால் காய்கறிதான் வரும், அதன்மேல் மீன் சாறும் ஊற்றி வரும்; நுவொக் மாம் என்னும் அந்தச் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்பில் இறைச்சியை எடுத்துவிட்டாலும் கொதித்தது எலும்புச் சாறு. சைவக் கடையிலோ சோயாவில் செய்த மீன், கோழி, இறால் எல்லாம் அசலைப் போலவே தட்டில் வரும். ஒரு குடும்பத்துப் பாட்டி அந்தத் தட்டைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார், எவ்வளவு சொல்லியும் திரும்பவில்லை. ஆகவே இப்போது சைவக் குடும்பத்துக்குக் கடைப் பெயரோடு என்னென்ன உணவு கேட்க வேண்டும் என்ற பட்டியலையும் தருகிறேன். ஹனோயின் புகழ்பெற்ற முட்டைக் காபியைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு. இந்திய உணவகங்கள் நான்கு ஊர்களிலும் இருக்கின்றன; நீங்களே உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். குழுவுக்குத் தரும் உணவும் தனியாகப் போனால் தரும் உணவும் ஒன்றா என்று பாருங்கள்.

மி சன்: அவசரப்படாத இடம்

ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர் போல. அன்று நடு வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை செங்கல்லில் கட்டிய கோயில்கள், பெரும்பாலும் சிவனுக்கு. பத்ரவர்மன் என்ற அரசன் நிறுவிய லிங்கத்துக்குப் பத்ரேஸ்வரர் என்று பெயர். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் முக்கியமான கோபுரம் ஒன்று தரைமட்டமானது. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே புனரமைப்புப் பணி செய்தபோது, 2020இல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒரே கல்லாலான சிவலிங்கம் மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

பல திட்டங்களில் இந்த இடமே இருப்பதில்லை. டா நாங் பக்கத்துப் பா நா மலையில், பெரிய கைச் சிலைகள் தாங்குவது போல் அமைத்த தங்கப் பாலத்துக்கு ஒரு முழு நாள், மி சன்னுக்கு இடமில்லை. தங்கப் பாலம் 2018இல் கட்டியது. அழகுதான், குழந்தைகள் விரும்புவார்கள், போகட்டும். ஆனால் கோயில் கட்டடங்களைப் பார்த்து வளர்ந்த நம் ஆள்கள் மி சன்னில் ஓர் ஆவுடையாரைக் கண்டதும் செருப்பைக் கழற்றி நிற்பதை நான் கண்ணால் பார்த்தேன். இப்படிப்பட்ட இடத்துக்கு வழிகாட்டி யார் என்பது முக்கியம். டி.எம்.சி. அனுப்பும் வழிகாட்டியோடு ஒருமுறை முழுதாக நடந்து, அவர் என்ன சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கேளுங்கள். லிங்கம், யோனி பீடம் என்பதை வெறும் ஆண்–பெண் குறியீடாக மட்டும் சொல்லி முடிக்கிறவரிடம், வருகிறவர்கள் அதை வழிபடுகிறவர்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நல்ல வழிகாட்டியின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அவரையே கேளுங்கள். காலை வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தைக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வாணிபம் செய்த தமிழர்கள் எழுப்பியது. இன்று ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறவர்களில் உள்ளூர் வியட்நாமியர்களே அதிகம். சந்தைக்குப் போகும் நாளில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

விலையைக் கட்டுவது

அங்கே இருக்கும்போதே டி.எம்.சி.யோடு உட்கார்ந்து விலையை வரி வரியாகப் பிரித்துக் கேளுங்கள். படகு டிக்கெட், கேபிள் கார், மின்வண்டி, குடிதண்ணீர், ஓட்டுநர் அன்பளிப்பு இவற்றில் எது சேர்ந்தது, எது தனி? தனியாக வரும் ஒருவருக்கு அறைக் கூடுதல் எவ்வளவு? அங்கே பல இடங்களில் குழந்தைக் கட்டணம் வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து. ஒரு மீட்டருக்குக் கீழ் இலவசம், 1.4 மீட்டர் வரை குறைந்த கட்டணம் என்பது போல. பதிவுசெய்யும்போதே குழந்தையின் உயரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வியட்நாம் பணமான டோங் நோட்டில் பூஜ்யங்கள் அதிகம். 5,00,000 நோட்டும் 20,000 நோட்டும் இரண்டும் நீலம். இருட்டில், டாக்சியிலிருந்து இறங்கும் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டவர்கள் பலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, புறப்படும் ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். அதோடு 113 போலீஸ், 114 தீயணைப்பு, 115 ஆம்புலன்ஸ் என்ற எண்களையும், ஹனோயில் உள்ள இந்தியத் தூதரகம், ஹோ சி மின் நகரில் உள்ள துணைத் தூதரகம் இவற்றின் முகவரியையும் சேருங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மருத்துவமனை வாசல் வரை போய்ப் பார்த்து வருவது என் வழக்கம்.

இரவில் நாற்பது நிமிடம்

எவ்வளவு களைப்பானாலும் அன்றைய குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். நான்காம் நாள் முதல் நாளின் ஹோட்டலை மறந்துவிடுவீர்கள். ஐந்து குடும்பங்களின் பக்கங்களையும் திறந்து, இன்று பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் "ஆம்", "வேண்டாம்", "இப்படி மாற்றினால் ஆம்" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "வேண்டாம்" என்று எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள். படங்களும் அப்படித்தான்: காட்சிமுனைப் படம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. நீங்கள் எடுக்க வேண்டியது படிக்கட்டு, கழிப்பறை, படகில் ஏறும் பலகை, காலை உணவு மேசை, ஜன்னலுக்கு வெளியே தெரிவது.

திரும்பி வந்து பத்து நாளுக்குள் இரண்டு வேலைகள். அறை காட்டியவர்கள், வழிகாட்டிகள், ஓட்டுநர் எல்லாருக்கும் நன்றிக் கடிதம். பார்த்த குறைகளைப் பணிவாக அதிலேயே சொல்லிவிடலாம். அடுத்து, அந்த ஐந்து குடும்பங்களுக்கும் தொலைபேசி. விற்பதற்காகப் பேச வேண்டாம். "உங்களுக்கு இது சரிப்படும், இது சரிப்படாது" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் குழுவை ஆறேழு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். அவர்கள் திரும்பி வந்ததும் உங்கள் குறிப்பில் எது தவறு என்று கேட்டுத் திருத்துங்கள்.

தலைமையாசிரியை அம்மா போய்வந்த மறுவாரம் அலுவலகத்துக்கு வந்தார். சாங் ஆன் குகையில் குனிந்ததைச் செய்தே காட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "தம்பி, அந்த 500 படி ஏறினால் என்ன தெரியும்?" என்று கேட்டார். உச்சியிலிருந்து நான் எடுத்திருந்த படங்களை எடுத்து மேசையில் பரப்பினேன்.